எட்டு ஸ்டட் அகலத்தில் ஓர் அம்பாசடர்: லெகோ வண்டி வடிவமைப்பு பற்றிய கேள்வி பதில்

சொந்தமாக லெகோ வண்டி வடிவமைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். அம்பாசடர் பற்றியே பலர் கேட்டதால் கணக்குகள் எல்லாம் அந்த வண்டியை வைத்தே. ஸ்டட் என்பது துண்டின் மேலுள்ள குமிழ், பிளேட் என்பது பிரிக்கில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு. 18977 போன்றவை துண்டு எண்கள்.

கேள்வி: அண்ணா, அம்பாசடர் செய்யணும். ஆறு ஸ்டட் அகலமா, எட்டா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

டயரிலிருந்து ஆரம்பியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அரை பிளேட், ஒரு பிளேட் என்று கூட்டிக் குறைக்கலாம். டயர் மட்டும் கம்பெனி தரும் அளவில்தான் கிடைக்கும்.

நிஜ வண்டி ஏறக்குறைய 4325 மி.மீ. நீளம், 1662 அகலம், 1593 உயரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2464. ஒரு ஸ்டட் இடைவெளி 8 மி.மீ. என்பதால் எட்டு ஸ்டட் என்றால் 64 மி.மீ. 1662-ஐ 64-ஆல் வகுத்தால் 26. அதாவது 26-இல் ஒரு பங்கு. இந்த விகிதத்தில் அச்சு இடைவெளி 95 மி.மீ., அதாவது 12 ஸ்டட். உயரம் 61 மி.மீ., அதாவது 19 பிளேட். நீளம் 166 மி.மீ. உடலை 20 ஸ்டட் கட்டி (160), முன்னால் ஒரு பிளேட், பின்னால் ஒரு பிளேட் பக்கவாட்டில் பதித்தால் 166.4 வந்துவிடும். 24 மி.மீ. டயர் (18977) இந்த விகிதத்துக்குப் பொருந்தும்.

ஆறு ஸ்டட்டில் முடியாது என்றில்லை. ஆனால் அச்சு இடைவெளி 9 ஸ்டட், டயர் 19 மி.மீ. என்று சுருங்கும்போது அம்பாசடரின் தொந்தி காணாமல் போய் ஏதோ ஒரு பழைய கார் ஆகிவிடும். லெகோவே தன் ஸ்பீட் சாம்பியன்ஸ் கார் வரிசையை 2020-இல் ஆறிலிருந்து எட்டுக்கு மாற்றியது.

இன்னொன்று: 24 மி.மீ. டயர் என்பது சரியாக 3 ஸ்டட். மட்கார்டு திறப்பை 3 ஸ்டட் விட்டால் டயர் உரசும், 4 விடுங்கள். கண்ணாடிப் பகுதியை எட்டு ஸ்டட்டில் கட்ட வேண்டாம், ஆறுக்குக் குறுக்குங்கள். நிஜ வண்டியிலும் இடுப்புக்கு மேலே உள்ளடங்கித்தான் இருக்கும்.

கேள்வி: முன்பக்கம் டப்பா மாதிரி நிற்கிறது. அந்த உருண்ட முகம் எப்படி வரும்?

ஸ்டட்டுகளை மேல்நோக்கியே வைத்துக் கட்டினால் வராது. பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இதைத்தான் ஸ்னாட் என்கிறார்கள். அதற்கு மனப்பாடமாக வேண்டிய கணக்கு ஒன்றுதான்: 5 பிளேட் உயரம் = 2 ஸ்டட் அகலம். இரண்டும் 16 மி.மீ. பிளேட் 3.2, பிரிக் 9.6.

அரை பிளேட் (1.6) தேவைப்படும் இடத்தில் ‘எல்’ வடிவ பிராக்கெட் துண்டு உதவும், அதன் சுவர் அவ்வளவு தடிமன்தான். அந்தச் சுவர் மேல்நோக்கிப் போக வேண்டுமா கீழ்நோக்கிப் போக வேண்டுமா என்பதைப் பொறுத்து 99780 அல்லது 99781. ஹெட்லைட் பிரிக்கின் (4070) முன் ஸ்டட் அரை பிளேட் உள்ளே தள்ளி இருக்கும். அதில் ஒரு வட்ட டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான துண்டு, 98138) மாட்டினால் அரை பிளேட்தான் வெளியே நீட்டும். அம்பாசடரின் 7 அங்குல விளக்கு இந்த விகிதத்தில் 6.8 மி.மீ., டைல் 8 மி.மீ. கொஞ்சம் பெரிது, ஆனால் முகத்துக்கு அதுவே அழகு. முழு பிளேட் வெளியே வர வேண்டிய இடத்தில் 87087, அதாவது பக்கத்தில் ஒரு ஸ்டட் உள்ள பிரிக்.

பானெட்டுக்கு நடுவில் இரண்டு ஸ்டட் அகலம் ஒரு பிளேட் உயர்ந்திருக்கட்டும். இரு புறமும் 11477, 15068 வளைவுகள் கீழிறங்கட்டும். மட்கார்டு வளைவைப் பானெட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பக்கப் பலகையாகத் தனியே கட்டி 87087-இல் மாட்டுங்கள். சேர்த்துக் கட்டினால் ஒரு பக்கம் திருத்தப் போய் முழு முகமும் கையோடு வரும்.

கேள்வி: ஸ்டுடியோவில் பிழையே காட்டவில்லை. கையில் கட்டினால் கதவுப் பகுதி கழன்று விழுகிறது. ஏன்?

ஸ்டுடியோ போன்ற வடிவமைப்பு மென்பொருளில் எடை இல்லை, விரலும் இல்லை. ஒரு துண்டு இன்னொன்றுக்குள் ஊடுருவுகிறதா என்பதைத்தான் மோதல் சோதனை பார்க்கும். நிலைப்புச் சோதனை பலவீனமான இணைப்புகளில் சிலவற்றைக் காட்டும். அதோடு சரி.

உங்கள் கோப்பைப் பார்த்தேன். கதவுப் பலகை முழுவதும் ஒரே ஒரு 87087-இல் தொங்குகிறது. ஒற்றை ஸ்டட் என்பது சுழலும் அச்சு, பிடிமானம் இல்லை. இரண்டு ஸ்டட்டாவது வேண்டும், அதுவும் தள்ளித் தள்ளி. அடித்தளத்தில் இரண்டு 4x10 பிளேட்டுகளை நுனிக்கு நுனி வைத்திருக்கிறீர்கள். அந்த இணைப்புக்கு மேல் எதுவும் குறுக்கே போகவில்லை, தூக்கியதும் வண்டி அங்கேதான் முறியும். இணைப்பின் இருபுறமும் குறைந்தது இரண்டு ஸ்டட் பிடிக்கும்படி அதன் மேல் ஒரு 2x6 போடுங்கள்.

மூன்றாவது, மாட்டும் வழி. சுற்றிலும் மூடிய பிறகு உள்ளே ஒரு டைலை வைத்திருக்கிறீர்கள். திரையில் அது பறந்து போய் உட்காரும், கை எங்கே போகும்? ஒவ்வொரு துண்டையும் எந்தத் திசையிலிருந்து அழுத்துவோம் என்று யோசித்தே வையுங்கள்.

நான்காவது, பின் சீட்டில் இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே குத்திட்டு நிற்கும் பிளேட். ஸ்டட் விட்டம் 4.8, இடைவெளி 3.2, பிளேட்டும் 3.2. காகிதத்தில் பொருந்தும். நிஜத்தில் நெருக்கிப் பிடித்து, நாளடைவில் ஸ்டட்டுகளை அழுத்தி வளைக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாகங்கள் விலை கட்டுப்படியாகவில்லை சார். குறைக்க வழி?

முதலில் நிறம். ஸ்டுடியோவில் எந்தத் துண்டுக்கும் எந்த நிறமும் பூசலாம், ஆனால் அந்த நிறத்தில் அந்தத் துண்டு வார்க்கப்பட்டதே இல்லை என்றிருக்கும். கிடைக்காத நிறங்களை மறைக்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை, கறுப்பு அம்பாசடருக்குக் கவலை இல்லை. வெளிர் பச்சை ஆசை இருந்தால் வளைவுத் துண்டுகளை முதலில் தேடிப் பார்த்துவிட்டு வரையுங்கள். வெளியே தெரியாத உள்பாகங்களுக்கு மலிவாக எந்த நிறம் கிடைக்கிறதோ அது போதும்.

அடுத்தது கடைகளின் எண்ணிக்கை. துண்டுகள் விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்க்கில் விருப்பப் பட்டியலை ஏற்றினால் பத்துக் கடைகளில் சிதறிக் கிடக்கும். துண்டு விலையை விடத் தபால் செலவு அதிகமாகிவிடும். இரண்டு கடைகளில் முடிகிற மாதிரி மாற்றுத் துண்டுகளைப் போடுங்கள்: ஒரு 1x4-க்குப் பதில் இரண்டு 1x2, வலிமை கெடாத இடத்தில்.

செலவே வேண்டாம் என்றால் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு செட்டின் துண்டுகளை மட்டும் வைத்து வேறு வண்டி வடிவமைக்கலாம். வடிவமைப்புகளைப் பகிரும் ரீபிரிக்கபிள் தளத்தில் இந்த வகைக்குத் தனி இடமே உண்டு. அந்த செட் வைத்திருக்கும் எவரும் காசில்லாமல் கட்டலாம் என்பதால் பகிரும்போது கட்டுபவர்களும் அதிகம் கிடைப்பார்கள்.

கேள்வி: டெக்னிக்கில் (லெகோவின் கியர், மோட்டார் வரிசை) லாரி. மோட்டார் சுற்றுகிறது, ஏற்றத்தில் கியர் கடகடவென்று தாவுகிறது.

முறுக்கத்தை மோட்டாருக்குப் பக்கத்திலேயே கூட்டியிருப்பீர்கள். 8 பல்லும் 24 பல்லும் சேர்ந்தால் மூன்று மடங்கு, அதையே இரண்டு முறை செய்தால் ஒன்பது மடங்கு. அந்த ஒன்பது மடங்கு முறுக்கம் முழுவதும் நீளமான ஆக்ஸில் வழியாகவும் டிஃபரென்ஷியலின் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) சின்ன 12 பல் கியர்கள் வழியாகவும் போனால் ஆக்ஸில் முறுகும், பல் தாவும். முதல் 1:3-ஐ மோட்டாரிடம் வையுங்கள், இரண்டாவதை டிஃபரென்ஷியலுக்கு அப்புறம் சக்கரத்தருகே.

கியர் எங்கே உட்காரும் என்பதற்கு: இரண்டின் பற்களையும் கூட்டி 16-ஆல் வகுங்கள், ஸ்டட்டில் இடைவெளி வரும். 8+24 என்றால் 2. 12+20-உம் 2. 8+40 என்றால் 3. 16+24 என்றால் இரண்டரை, நேரான பீமில் (துளைகள் உள்ள நீளத் துண்டு) துளைக்குத் துளை பொருந்தாது. இரண்டு கியர்களையும் ஒரே பீம் அல்லது ஒரே சட்டகம் பிடித்திருக்க வேண்டும், தனித்தனித் துண்டில் இருந்தால் பாரம் வந்ததும் விலகும். ஆக்ஸிலில் மாட்டும் வளையமான புஷ்ஷை பீமோடு ஒட்டி இறுக்காதீர்கள், ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். தானாக உருளாத வண்டியை எந்த மோட்டாரும் காப்பாற்றாது.

கேள்வி: வேறு கம்பெனி பிரிக் கலக்கலாமா?

கலக்கலாம், மறைவான இடங்களில். லெகோ பிரிக்கின் காப்புரிமை விண்ணப்பம் 1958-இல் போட்டது, அது எப்போதோ காலாவதி. அளவு ஒன்றுதான். வெள்ளை, சாம்பல் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். லெகோவிலேயே 2004 வாக்கில் சாம்பல் மாறியது, பழைய சாம்பலும் புதியதும் சேராது. பகிரும் பாகப் பட்டியலில் மட்டும் லெகோ எண்களையே போடுங்கள்.

கேள்வி: இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுப் பகிரப் போகிறேன். எதைக் கவனிக்கணும்?

ஒரு படிக்கு நான்கைந்து துண்டுகளுக்கு மேல் வேண்டாம். முகம், பின்பக்கம், கூரை என்று துணைத் தொகுப்புகளாகப் பிரியுங்கள். கறுப்பும் அடர் சாம்பலும் அச்சில் ஒன்றாகத் தெரியும். உள்பாகங்களுக்கு அடர் சாம்பலுக்குப் பதில் நீலமோ சிவப்போ போட்டால் கட்டுபவர் தடுமாற மாட்டார். கோணத்தைத் திருப்பும் படிகளில் திருப்பும் குறியை விடாதீர்கள். பிடிஎஃப்போடு எல்டிஆர் கோப்பும் (மென்பொருளில் திறக்கும் வடிவமைப்புக் கோப்பு) கொடுங்கள். அது 1995-இல் தொடங்கிய எல்ட்ரா வடிவம் என்றாலும் பெரும்பாலான மென்பொருள்கள் அதைத்தான் படிக்கின்றன.

பாகப் பட்டியலை இன்ஸ்ட்ரக்ஷனிலிருந்தே எடுங்கள், பழைய கோப்பிலிருந்து அல்ல. கடைசி நேரத்தில் மாற்றிய ஒரு பிராக்கெட் பட்டியலில் வராமல் போனால், கட்டுபவர் அந்த ஒரு துண்டுக்காக இன்னொரு தபால் செலவு செய்ய வேண்டும். வெளியிடும் முன் வண்டியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கவனியுங்கள். அவர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டும் இடம்தான் திருத்த வேண்டிய படி.

தலைப்பில் ‘லெகோ அம்பாசடர்’ என்று போடாதீர்கள், கம்பெனி வெளியிட்ட செட் என்று நினைத்துவிடுவார்கள். ‘அம்பாசடர், 26-இல் ஒன்று, 8 அகலம்’ என்று போட்டு, மொத்தத் துண்டுகளின் எண்ணிக்கையையும் சேருங்கள். கையில் கட்டாமல் திரையில் மட்டும் செய்தது என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.