கமிஷனுக்குக் கொடுத்த கிட்டார்: கடைக்காரரிடம் கணக்குக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் அப்பச்சி (அப்பா) பினாங்கில் இருந்தபோது வாங்கிய கிப்சன் கிட்டார் ஒன்று வீட்டில் இருந்தது. அவர்கள் காலமான பிறகு, காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் விற்றுத் தரச் சொல்லிப் போன தை மாதம் கொடுத்தேன். 90,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, கடைக்காரருக்கு 15 சதவீதம் கமிஷன் என்று பேச்சு. ‘கிட்டார் 1’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விலைப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, 65,000-க்குத்தான் போனது, கமிஷன் 9,750, பழுதுபார்த்த செலவு 8,000 போக மீதி தருகிறேன் என்றார். தந்தது 10,000 மட்டும். வாங்கிய மதுரைக்காரர் 1,05,000 கொடுத்ததாக இப்போது தெரிய வந்திருக்கிறது. கிட்டாரைத் திரும்ப வாங்க முடியுமா? போலீசுக்குப் போகலாமா? – தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, கிட்டார் பெரும்பாலும் திரும்பி வராது. அப்பச்சி கைபட்ட பொருள் என்பதால் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்களாக விற்கக் கொடுத்த பொருளை, கடைக்காரர் வழக்கமான வியாபாரத்தில் விற்று, வாங்கியவரும் உள்விவகாரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பொருள் வாங்கியவருக்கே சொந்தம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால் மதுரைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரிடம் இருக்கும் பில்லின் நகலைப் பக்குவமாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வழக்கில் உங்களுக்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது கணக்கு. ‘மீதிப் பணம் எப்போது தருவீர்கள்’ என்று கேட்டால், அவர் சொன்ன 65,000-ஐ நீங்களும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர் சட்டப்படி உங்கள் ஏஜெண்ட். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்கப் போன நம் ஊர் ஏஜெண்டுகள், மூன்று வருஷத் தவணை முடிந்தால் முதலாளிக்குக் கணக்கை ஒப்புவித்தார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 213-ஆம் பிரிவும் அதையே கேட்கிறது: ஏஜெண்ட், கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 90,000-க்குக் குறையக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. அதை மீறி உண்மையாகவே 65,000-க்கு விற்றிருந்தாலும், அதனால் வந்த நஷ்டத்தை 211-ஆம் பிரிவின்படி அவர் ஈடுகட்ட வேண்டும். விற்றது 1,05,000 என்றால் 15 சதவீதக் கமிஷன் 15,750. உங்களுக்குச் சேர வேண்டியது 89,250. வாங்கிய 10,000 போக 79,250 பாக்கி. நான் இதற்கு மேலும் கேட்கச் சொல்வேன். முறைகேடாக வேலை பார்த்த ஏஜெண்டுக்கு அந்த வேலைக்குக் கமிஷன் கிடையாது என்கிறது 220-ஆம் பிரிவு. விலையை மறைத்தது முறைகேடு இல்லாமல் வேறென்ன? நோட்டீஸில் 95,000 கேளுங்கள். பழுதுபார்த்த 8,000-க்கு ரசீது கேளுங்கள். முறையாக ஆன செலவைத்தான் அவர் கழித்துக்கொள்ளலாம். உங்களைக் கேட்காமல் செய்ததற்கு ரசீதும் இல்லையென்றால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

சீட்டு சிறியதாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். வாய்ப்பேச்சாக ஆன ஒப்பந்தமும் செல்லும். பொருள் கைமாறியதற்கு அந்தச் சீட்டு சாட்சி, விலைக்கு வாட்ஸ்அப் சாட்சி. வாட்ஸ்அப் செய்திகளின் நகலை வழக்கில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதனால் அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ‘இது உங்கள் அப்பாவின் பொருள்தானே, நீங்கள் யார் கேட்க’ என்று அவர் இனிமேல் பேச முடியாது. விற்றுத் தர உங்களிடம் பொருளை வாங்கிக்கொண்ட கடைக்காரர் உங்களிடம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்களிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

15 நாள் அவகாசம் கொடுத்து, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கமிஷன் என்பது அவர் செய்யும் சேவைக்கு நீங்கள் தரும் கட்டணம், பொருளோ வீட்டுச் சாமான். அதனால் நீங்கள் நுகர்வோர்தான் என்று வாதிடலாம். இந்த அளவுத் தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சிவில் கோர்ட்டுக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், நான் ஆணையத்தைத்தான் முதலில் சொல்வேன். பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். சமரசம் பேச அவர் இறங்கி வந்தாலும் அங்கேயே போகலாம்.

அப்புறம் போலீஸ். பணம் தரத் தாமதமானால் மட்டும் அது குற்றமாகாது. ஆனால் 1,05,000 வாங்கிக்கொண்டு 65,000 என்று பொய் சொல்லி வைத்துக்கொண்டது நிரூபணமானால், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவின் நம்பிக்கை மோசடிக்குள் வரும். ஏஜெண்ட் செய்தால் தண்டனை இன்னும் கடுமை. ‘இது சிவில் விவகாரம்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக்கூடும். அதனால் மதுரை பில் கைக்கு வந்த பிறகு போங்கள். அப்படியும் வழக்குப் பதியவில்லை என்றால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

வீட்டில் இன்னும் பித்தளை, மரச் சாமான் விற்க இருந்தால், கல்யாணத்துக்குச் சாமான் சிட்டை எழுதுவது போல எழுதிக் கொடுங்கள்: போட்டோ, சீரியல் நம்பர், குறைந்தபட்ச விலை, கமிஷன், பழுதுபார்க்கும் செலவு யாருடையது, விற்றால் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எந்தத் தேதியில் பொருள் திரும்ப வர வேண்டும் என்பதுவரை. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சுற்றுலா வந்த வெளிநாட்டவர் கேட்கிறார் என்று கடைக்காரர் சொன்னால், பொருளைக் கொடுக்கும் முன் அதன் வயதை விசாரித்துக்கொள்ளுங்கள்.