பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டு தை மாதம் கதிரடித்தேன். விலை ஏறட்டும் என்று 40 மூட்டையை வீட்டில் அடுக்கி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் அடிமூட்டைகளில் கட்டியும் பச்சைப் பூஞ்சணமும், மற்றதில் வண்டு. வியாபாரி வேண்டாம் என்கிறார். காயவைத்து மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிடலாமா?

பதில்: கட்டி விழுந்ததைப் போடவே போடாதீர்கள். காயவைத்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியே இருக்கும், வேகவைத்தாலும் போகாது. கறவை மாடு தின்றால் பாலில் இறங்கி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். கோழிக்கு ஈரல் கெட்டு முட்டை குறையும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் ஆதிவாசி கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று காமாலை வந்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதைக் குழி வெட்டி மூடிவிடுங்கள்.

வண்டு மட்டும் விழுந்த மூட்டைகளைச் சலித்து, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாததாலேயே நஞ்சு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வண்டுக்கு மாத்திரை வாங்கி வீட்டுக்குள் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் புகை ஆளையே கொல்லும்.

சரி, எங்கே தப்பியது? காய்ச்சல் போதவில்லை, அவ்வளவுதான். காய்ந்தால் எடை போய்விடுமே என்று பாதிப் பேர் இரண்டு நாள் வெயிலோடு சாக்கு கட்டிவிடுகிறார்கள். மூட்டைக்கு 100 கிலோ என்று வைத்தால் உங்களுடையது 4,000 கிலோ. 18 சதவீத ஈரத்திலிருந்து 12க்குக் கொண்டுவந்தால் 270 கிலோ போல குறையும். போவது வெறும் தண்ணீர். பூஞ்சணமோ முதலில் முளைக்கருவைத்தான் பிடிக்கும், மணியில் இருக்கிற எண்ணெயில் பெரும்பங்கு அங்கேதான். அதனால் எடை அவ்வளவாகக் குறையாவிட்டாலும் தீவனத்துக்குச் சத்து இருக்காது.

அடுத்த முறை உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி காய்ந்த உப்பையும் மணியையும் போட்டுக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டாலும் மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் இன்னும் ஓரிரு வெயில் கொடுங்கள். ராத்திரி பனி விழுவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுங்கள். மூட்டையை வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். அப்புறம், இந்தச் சாக்குகளையே திரும்ப எடுக்காதீர்கள், தையலில் வண்டு ஒளிந்திருக்கும்.