அடுத்த சிறப்புப் பதிப்பு மஸ்டாங்: இன்ஜின், தோற்றம், கியர்பாக்ஸ் (வாசகர் கேள்வி-பதில்)

டாட்ஜ் சேலஞ்சர், ஷெவர்லே கமாரோ இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றுபோனது. இரண்டு கதவு, முன்னால் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், கையால் மாற்றும் கியர் என்ற பழைய கணக்கில் மிஞ்சியிருப்பது ஃபோர்டு மஸ்டாங் ஒன்றுதான். மூன்று கார்களின் ரசிகர்களுடைய ஆசையும் இப்போது அதன் மேல் இறங்கியிருக்கிறது. மஸ்டாங்கின் சிறப்புப் பதிப்பான டார்க் ஹார்ஸுக்கு அடுத்து, சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத ஒரு சிறப்புப் பதிப்பு வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று வந்த கேள்விகளே இந்த முறை அதிகம்.

மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கொயோட்டி இன்ஜினிலிருந்து, சூப்பர்சார்ஜர் இல்லாமல் 600 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாமா?

எதிர்பார்க்க வேண்டாம். காரணம் இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கிறது.

ஃபோர்டின் இந்த இன்ஜின் குடும்பத்தில் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்த சிலிண்டரின் மையம் வரை 100 மி.மீ. இப்போதைய 5.0-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 93 மி.மீ.; இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மிஞ்சுவது 7 மி.மீ. மட்டுமே. முந்தைய சிறப்புப் பதிப்பான ஜிடி350-இன் 5.2 லிட்டரில் போர் 94. அங்கே 6 மி.மீ.தான். போரை இதற்கு மேல் பெரிதாக்க இடமில்லை. போர் பெரிதாகாவிட்டால் வால்வுகளும் பெரிதாகாது. கொள்ளளவைக் கூட்ட ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தை) நீட்டுவதுதான் வழி. ஆனால் ஸ்ட்ரோக் நீண்டால், அதே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுழற்சியில்) பிஸ்டன் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும்.

1969-இன் மஸ்டாங் பாஸ் 302 இன்ஜினில் போர் 101.6 மி.மீ., ஸ்ட்ரோக் 76.2 மி.மீ. இன்றைய 5.0-இல் ஸ்ட்ரோக் 92.7. இரண்டையும் 7,500 ஆர்பிஎம்மில் ஓட்டினால், பழையதன் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 19 மீட்டர், புதியதில் 23.2 மீட்டர். இதே 5.0-ஐ 9,000 வரை சுழலவிட்டால் 27.8 மீட்டர். உத்தரவாதத்தோடு விற்கும் சாலைக் காருக்கு இது மிக அதிகம். கார்வெட் இசட்06-இன் 5.5 லிட்டர் இன்ஜின் 8,600 வரை போகிறது. ஆனாலும் அதன் ஸ்ட்ரோக் 80 மி.மீ. என்பதால் பிஸ்டன் வேகம் 23 மீட்டரைத் தொடுவதில்லை. அது தரும் 670 குதிரைத்திறனைக் காட்டி மஸ்டாங்கையும் கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவுகளைத்தான்.

இன்னொரு கணக்கு. 8,000 ஆர்பிஎம்மில் 600 குதிரைத்திறன் வர, அந்த வேகத்தில் 534 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) இருக்க வேண்டும். டார்க் ஹார்ஸின் உச்ச டார்க்கே 567. உச்சத்துக்கு இவ்வளவு அருகில் 8,000 வரை பிடித்து வைக்க இன்றைய இன்டேக்கும் (காற்று உள்ளே வரும் வழி) கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போதாது.

பழைய பதிப்புகளைப் பாருங்கள். 2011 ஜிடி (சாதாரண வி8 மஸ்டாங்) 412 குதிரைத்திறன், 2012 பாஸ் 302-இல் 444. 2018 ஜிடி 460, அதை ஒட்டி வந்த புல்லிட், மாக் 1 இரண்டும் 480. இப்போதைய ஜிடி 480, டார்க் ஹார்ஸ் 500. ஒவ்வொரு முறையும் கூடியது 20 முதல் 32 வரைதான். அந்த 32-க்காக பாஸில் சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழிகளை இயந்திரத்தில் கடைந்தார்கள். குட்டையான ரன்னர்கள் கொண்ட இன்டேக், வேறு கேம்ஷாஃப்ட், வலுவான கனெக்டிங் ராட் எல்லாம் போட்டார்கள். ஆகவே 520, 530 என்று வந்தால் அது பெரிய சாதனை. காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஜிடி350-இல் இருந்த தட்டைக் கிராங்க் திரும்ப வருமா? அந்தச் சத்தத்துக்காகவே கேட்கிறேன்.

ஆசை நியாயமானதுதான். வழக்கமான வி8-இன் கிராங்கை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) முன்னாலிருந்து பார்த்தால் பிஸ்டன் ராடுகள் மாட்டும் பின்கள் கூட்டல் குறி போல 90 டிகிரியில் நிற்கும். தட்டைக் கிராங்கில் எல்லாம் ஒரே கோட்டில், 180 டிகிரியில் நிற்கும். இதனால் இடது வரிசையும் வலது வரிசையும் மாறி மாறி வெடிக்கும். ஒரே பக்க எக்ஸாஸ்டில் இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வந்து மோதாது. எடைக்கட்டிகள் சிறியவை என்பதால் இன்ஜின் சட்டென்று ஏறும். 526 குதிரைத்திறன், 8,250 ரெட்லைன் (உச்ச ஆர்பிஎம்) என்று ஜிடி350 காட்டியது இப்படித்தான்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிர்வு. பிஸ்டன் மேல்முனையருகே வேகமாகவும் கீழ்முனையருகே சற்று மெதுவாகவும் திரும்புகிறது. இந்த வேறுபாடு கூட்டல் குறிக் கிராங்கில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைக் கிராங்கில் போகாது. கிராங்க் வேகத்தின் இரு மடங்கில் இன்ஜினைப் பக்கவாட்டில் உலுக்கும். ஸ்ட்ரோக் நீள நீள இது கூடும். 93 மி.மீ. ஸ்ட்ரோக்கில் தட்டைக் கிராங்க் ஓட்டியதே துணிச்சல். பிராக்கெட், பைப், சென்சார் ஒயர் என எல்லாமே அந்த உலுக்கலைத் தாங்கியாக வேண்டும்.

ஃபோர்டே அடுத்த அடியைக் காட்டிவிட்டது. 2020 ஜிடி500-க்கு அதே 5.2 கொள்ளளவை எடுத்தபோது கூட்டல் குறிக் கிராங்குக்குத் திரும்பி, 2.65 லிட்டர் சூப்பர்சார்ஜரை மேலே வைத்து 760 குதிரைத்திறன் எடுத்தார்கள். 815 குதிரைத்திறன் தரும் மஸ்டாங் ஜிடிடி-யும் அதே வழிதான். எங்கள் கணிப்பில் தட்டைக் கிராங்க் திரும்புவதற்கான வாய்ப்பு குறைவு.

ஜிடி350 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அது கேட்பது 5டபிள்யூ-50 ஆயில், சுமார் 9.5 லிட்டர். கடுமையாக ஓட்டினால் ஆயில் குடிக்கும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

மேனுவல் கியர்பாக்ஸ் கட்டாயம் வேண்டும். எதைக் கேட்க வேண்டும்?

டிரெமெக் டிஆர்-3160. ஜிடி350, மாக் 1, டார்க் ஹார்ஸ் மூன்றிலும் வந்தது இதுதான். சாதாரண ஜிடி-யில் வரும் எம்டி-82 உயர்ந்த ஆர்பிஎம்மில் வேகமாக மாற்றும்போது இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் முரண்டு பிடிக்கும் என்பது பழைய குறை.

பல்விகிதத்தையும் கவனியுங்கள். டிஆர்-3160-இல் இரண்டாம் கியர் 2.23, மூன்றாம் கியர் 1.61. பின் அச்சு விகிதம் 3.73, பின் டயர் 275/40 19 அங்குலம் என்று கொண்டால், 7,500 ஆர்பிஎம்மில் இரண்டாம் கியர் மணிக்கு 119 கி.மீ. வரையும் மூன்றாம் கியர் 165 கி.மீ. வரையும் இழுக்கும். ரெட்லைனை 8,000 ஆக்கினால் இரண்டாம் கியரிலேயே 127 கி.மீ. வரும். அப்போது பின் அச்சு விகிதத்தை இன்னும் குட்டையாக்க இடம் கிடைக்கும். இருபது குதிரைத்திறன் கூட்டுவதைவிட இந்த மாற்றத்தை ஓட்டுபவரின் முதுகு சீக்கிரம் உணரும்.

காத்திருப்பதற்குப் பதில், இருக்கும் ஜிடி-யிலேயே சூப்பர்சார்ஜர் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம். ஆனால் கிட் பெட்டியில் வராத செலவையும் கணக்கில் சேருங்கள்.

முதலில் ஆயில் பம்ப் பல்சக்கரம். தொழிற்சாலையிலிருந்து வருவது உலோகத்தூளை அழுத்திச் சுட்டது. கூடுதல் சுமையில் ரெவ் லிமிட்டரை மீண்டும் மீண்டும் தொட்டால் அது விரிசல் விடும். உடைந்த கணமே ஆயில் அழுத்தம் போய்விடும். சில நொடிகளில் பேரிங்குகள் கருகும். முழு எஃகில் கடைந்த பம்ப் பல்சக்கரமும், அதே போன்ற கிராங்க் ஸ்பிராக்கெட்டும் போட்டுவிடுங்கள். இதற்கு இன்ஜினின் முன்பக்கக் கவரைக் கழற்ற வேண்டும். கிராங்க் புல்லி போல்ட் ஒரு முறை மட்டுமே பயன்படும், புதியது வாங்கி வையுங்கள். கவர் திறந்திருக்கும்போதே டைமிங் செயினையும் டென்ஷனரையும் பார்த்துவிடலாம்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும், இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குக் குறையுங்கள். பழைய இடைவெளியில் விட்டால் அழுத்தக் காற்று பொறியை ஊதி அணைத்துவிடும். மேல் ஆர்பிஎம்மில் மிஸ்ஃபயர் வரும். இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் போதுமானவையா என்று டியூன் செய்பவரிடம் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

மிக முக்கியமானது ஆக்டேன். 5.0-இன் கம்ப்ரஷன் 12:1. தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜரோடு பிறந்த ஜிடி500-இல் அது 9.5:1. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நாக்கிங்குக்கு (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பதற்கு) எதிரான பாதுகாப்பு. உங்களிடம் அது இல்லை. ஒரே ஒரு முறை மட்டமான பெட்ரோல் போட்டு முழு வேகத்தில் இழுத்தாலும் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையக்கூடும்.

தோற்றத்தில் பழைய பாஸ் 302 போல எதைக் கொண்டுவரலாம்?

1969 பாஸின் அழகு, எடுத்துப் போட்டதில் இருக்கிறது. வடிவமைப்பாளர் லாரி ஷினோடா பின் பக்கவாட்டில் இருந்த பொய்க் காற்றுத்துளைகளை நீக்கினார். ஒட்டு அலங்காரங்களைக் குறைத்து, முன்னால் தாடை ஸ்பாய்லர், டிக்கியின் மேல் ஓர் இறக்கை, பின் கண்ணாடியில் பட்டைத் தட்டி (லூவர்), பக்கத்தில் சி வடிவக் கோடு என்று நிறுத்திக்கொண்டார். நிறமும் நான்கே: வெள்ளை, மஞ்சள், பவளம், நீலம். அடுத்த பதிப்பிலும் காற்று போகாத துளை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆசை. பானெட்டில் துளை வைத்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் சூடான காற்று வெளியேறும் இடத்தில் வைக்க வேண்டும். கருப்பு மேல் கருப்பாக இல்லாமல், அடித்துப் பேசும் ஒரு மஞ்சளோ ஆரஞ்சோ வேண்டும்.

பட்டைத் தட்டி மட்டும் வேண்டாம் என்போம். பின்னால் பார்ப்பது கெடும், அடியில் தூசி அடையும், கழுவுவது தொல்லை.

அந்த சி கோட்டை என் காரில் நானே ஒட்டலாமா?

ஒட்டலாம். வார்ப்பு வகை வினைல் வாங்குங்கள், தடிமன் சுமார் 50 மைக்ரான். மலிவான உருட்டு வகை வளைவுகளில் சுருங்கி, ஓரம் தூக்கும். காரைக் கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துணியால் துடையுங்கள். மெழுகு மிஞ்சியிருந்தால் பசை பிடிக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு குழந்தை ஷாம்பூ கலந்து தெளித்தால் ஸ்டிக்கரை நகர்த்தி நேராக்க முடியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் தள்ளுங்கள். கதவு இடுக்கில் வெட்டும்போது பிளேடு பெயின்ட்டைத் தொடக் கூடாது. வெட்டுநாடா (பிளேடு இல்லாமல் வினைலை வெட்டும் இழை கொண்ட நாடா) போடுவது நல்லது. கடைசியில் வளைவுகளையும் ஓரங்களையும் ஹீட் கன்னால் 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அழுத்துங்கள். ஒரு வாரம் கழுவாதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற காரில் கோட்டை உரித்தால் அடியில் நிறம் வேறாகத் தெரியும். இதை முன்னமே தெரிந்துகொண்டு ஒட்டுங்கள்.

பக்க எக்ஸாஸ்ட்?

2012 பாஸில் இருந்தது: பின்னால் இரண்டு, பின் சக்கரத்துக்கு முன் பக்கத்துக்கு ஒன்று. பக்கக் குழாய்க்குள் ஓர் உலோகத் தகடு பெரும்பகுதியை அடைத்திருக்கும். கழற்றினால் சத்தம் கூடும், சக்தி கூடாது. இப்போதைய சத்த விதிகளில் மின் வால்வு எக்ஸாஸ்ட் வரும் வாய்ப்புதான் அதிகம்.

பந்தயத் தடத்தில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

குளிர்விப்பான்களை. இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும். 2016 ஜிடி350-இல் கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் கூலர் எல்லா வகைகளிலும் வரவில்லை. அவை இல்லாத கார்கள் சில சுற்றுகளிலேயே சூடேறி, இன்ஜின் தானாகச் சக்தியைக் குறைத்துக்கொண்டது. 2017 முதல் எல்லாவற்றிலும் போட்டார்கள். பழையது வாங்குபவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது எடை. 2012 பாஸ் சுமார் 1,650 கிலோ. டார்க் ஹார்ஸ் 1.8 டன்னை நெருங்குகிறது. பின் இருக்கையை எடுப்பது, கார்பன் ஃபைபர் சக்கரம் போன்றவற்றால் ஜிடி350ஆர் சாதாரண ஜிடி350-ஐவிட 59 கிலோ இளைத்தது. அப்படி ஒரு பதிப்பு வந்தால் குதிரைத்திறனே கூடாவிட்டாலும் வரவேற்போம்.

இந்தியாவுக்கு வருமா?

2016-இல் இங்கே வந்த ஜிடி 401 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). அமெரிக்காவில் அதே காருக்கு 435 குதிரைத்திறன். இங்கிலாந்தில் விற்கும் டார்க் ஹார்ஸும் 453 பிஎஸ்தான். ஆகவே வலது ஸ்டியரிங்கில் வந்தாலும் அமெரிக்க எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஜிடி350, ஜிடி500, ஜிடிடி மூன்றும் இடது ஸ்டியரிங்கில் மட்டுமே செய்யப்பட்டவை. புதிய காரை இறக்குமதி செய்ய வலது ஸ்டியரிங் வேண்டும் என்பது இந்திய இறக்குமதி நிபந்தனை. புல்லிட், மாக் 1, டார்க் ஹார்ஸ் வலது ஸ்டியரிங்கிலும் வந்தன. அடுத்த பதிப்பு 5.0 இன்ஜினோடு நின்றால் நம்பிக்கைக்குக் கொஞ்சம் இடமுண்டு.

பழைய சிறப்புப் பதிப்பு அசலா, ஸ்டிக்கர் ஒட்டிய ஜிடி-யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

17 எழுத்து சேசிஸ் எண்ணில் 5 முதல் 8 வரையுள்ள எழுத்துகளைப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய தலைமுறையில் ஜிடி கூப்பே என்றால் பி8சிஎஃப், ஜிடி350 என்றால் பி8ஜேஇசட், ஜிடி500 என்றால் பி8எஸ்ஜே. 1969-70 பாஸ் 302-க்கு ஐந்தாவது எழுத்து ஜி. 1969-இல் செய்தது 1,628 மட்டுமே, போலிகள் அதிகம். 1967 முதலான ஃபோர்டு தயாரிப்புப் பதிவுகளிலிருந்து மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் தரும் அறிக்கையை வாங்கி, நிறம், அச்சு விகிதம், கியர்பாக்ஸ் மூன்றையும் காரோடு ஒப்பிடுங்கள். விற்பவர் காட்டும் நகல் போதாது, உங்கள் கையால் விண்ணப்பித்து வாங்குங்கள்.