வலிக்கவில்லை என்றால் பயமில்லையா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வாரத்துக்கு முன்பு குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. “தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, பரவிடும். ஊசி குத்தினால் புற்றாகிடும்” என்கிறார் மாமியார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

நோய் முற்றிய பிறகு வரும் பெண்கள் பலரும் என்னிடம் முதலில் சொல்வது, “வலிக்கவே இல்லையே டாக்டர்” என்பதுதான். கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிடாய்க்கு முன் இரண்டு மார்பும் கனத்து வலிப்பது பொதுவாக ஹார்மோனால் வருவது.

தொடுவதால் புற்று உண்டாகாது, பரவாது. கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனையும் கட்டியைப் புற்றாக்காது. உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான் அது காட்டுகிறது. முடிவு தெரிந்ததும் பயந்து, சிகிச்சைக்குப் போகாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்குள் நோய் வளர்ந்துவிடும், பழி ஊசிமேல் விழும். உங்கள் மாமியாரும் அப்படி யாரையாவது பார்த்திருக்கலாம், அவரைக் கோபிக்காதீர்கள்.

மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணுவால் வருகிறது. தாய்ப்பால் கொடுத்தது ஆபத்தைக் குறைக்கும், முழுக் காப்பாகாது.

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பதும் உண்மை. ஆனால் உங்கள் வயதில் அதைக் கையால் தொட்டு மட்டும் முடிவுசெய்யக் கூடாது. அரசு மருத்துவமனை என்றால் அறுவை சிகிச்சைப் பிரிவு ஓபி-க்குப் போங்கள். மருத்துவர் பார்த்தபின் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்-ரே) அல்ட்ராசவுண்டும், தேவையானால் ஊசிப் பரிசோதனையும் செய்வார்கள். ஸ்கேன் எடுக்காமலே “ஒன்றுமில்லை” என்றால், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி மாதாமாதம் சுயபரிசோதனை செய்ய வேண்டுமா? ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜவுளி ஆலைப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மரணம் குறையவில்லை. புற்றல்லாத கட்டிகளுக்கான பயாப்ஸிதான் (திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) கூடியது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

ஆகவே தேதி குறித்துப் பதறிப்பதறித் தடவிப்பார்க்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருக்கட்டும். மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 10 நாளுக்குள், மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் அக்குள் வரை தடவிப்பாருங்கள். தோலில் குழிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பில் ரத்தக் கசிவு என எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். மும்பை ஆய்வில் பலன் கண்டது 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள்தான். அவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.