பதில்: மகளின் பள்ளி வேலைக்கு நம்முடைய வேட்டைத் தெய்வம் யார்?

வணக்கம் அக்கா. மகளின் பள்ளி வேலையில் கிரேக்கர்களின் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் பக்கத்தில் முருகனை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடி பார்த்து வளரும் பிள்ளைக்கு முதலில் முருகன் நினைவு வருவது இயல்புதான். ஆனால் அவர் வேடனாக வந்தது வள்ளிக்காக. வேடர்கள் கும்பிட்ட தெய்வம் கொற்றவை. அவளையே வையுங்கள்.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் என்ற வேடர்கள் தங்கள் குலப் பெண் ஒருத்தியைக் கொற்றவையாக அலங்கரிப்பார்கள். காட்டுப் பன்றியின் வளைந்த வெள்ளைக் கொம்பைப் பிடுங்கித் தலையில் பிறையாகச் சூட்டுவார்கள். புலிப்பல் தாலி கட்டி, கையில் வில் கொடுத்து, முறுக்குக் கொம்புக் கலைமான்மேல் ஏற்றுவார்கள். மகள் வரைய இதைவிட நல்ல படம் கிடைக்காது!

இன்னொன்று, இந்த மண்ணின் பழங்குடி வேட்டைக்காரர்களான சான் மக்களை விட்டுவிடாதீர்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பாறைகளில் அவர்கள் தீட்டிய எலண்ட் மான்களை மகள் பார்த்திருப்பாளே? கேப் பகுதி சான் கதைகளில் எலண்டைப் படைத்து, தேன் தடவி வளர்த்தவன் காகென். அம்பு பட்ட மானைப் பிழைக்க வைக்க வேடனையே ஏமாற்றப் பார்ப்பான். வேட்டைக்காரன் பக்கம் நிற்காமல் மானின் பக்கம் நிற்கும் தெய்வம். எனக்கு மிகவும் பிடித்தவன் இவன்தான்.

வரைந்து முடித்ததும் படத்தை இங்கே போடுங்கள் அக்கா.