பங்குக் கோயில் சுவருக்கு மறுபடி சிமெண்ட் வேண்டாம்

அண்ணே, ஊர்ப் பங்குக் கோயிலின் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியது உப்புப் பூத்து உதிர்கிறது, சிங்கப்பூரில் பணம் திரட்டி மறுபடி பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், அதனால் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, கூரை ஒழுகலையும் சுவரடியில் தேங்கும் நீரையும் முதலில் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லுங்கள். திருவிழாவுக்குள் முடிக்க அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும்.

அப்புறம் பணம். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்கள் கொடுத்தால் இந்தியச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, வாங்குபவர்களுக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். முதலில் பங்குத் தந்தையிடம் இதைக் கேளுங்கள்.