பொறியியல் பிஎச்.டி.: பல்கலைக்கழகத்தைப் பார்ப்பதா, நெறியாளரைப் பார்ப்பதா?

டர்பனில் முதுகலை முடிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நெறியாளரைத்தான் முதலில் பாருங்கள்.

நெறியாளர் என்பவர் தலைப்பு முடிவாவதிலிருந்து ஆய்வேடு சமர்ப்பிக்கும் வரை உங்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர். தென்னாப்பிரிக்காவில் பிஎச்.டி. பெரும்பாலும் ஆய்வேட்டை வைத்தே வழங்கப்படுகிறது. அமெரிக்காவைப் போல முதலில் வகுப்புகள், அப்புறம் ஆய்வு என்று இல்லை. அதனால் முதல் நாளிலிருந்தே நீங்களும் அவரும்தான். டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதிக் கல்யாணத்தில் மண்டபம் எவ்வளவு பெரிதானாலும் காய்கறி பிரியாணியின் ருசி சமையல்காரர் கையில்தானே, அப்படி.

சரி, பல்கலைக்கழகம்? ஆய்வுக்கூடம் என்று வரும்போது அதுவும் முக்கியம். உயர் மின்னழுத்த ஆய்வு செய்ய நினைப்பவருக்கு அதற்கான கருவிகள் இருக்கும் இடம் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் அந்த நெறியாளரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும், பாதியில் விட்டவர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள். ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் தருகிறார்? உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு? அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறாரா? பாதியில் விட்டவர் சொல்வதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

என்.ஆர்.எஃப். (தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) ஆய்வாளர்களுக்குத் தரும் மிக உயர்ந்த தரமான ‘ஏ’ தரம் பெற்றவர் என்றாலே நல்ல நெறியாளர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தரம் மதிப்பிடுவது அவருடைய சொந்த ஆய்வை, மாணவரை வழிநடத்தும் விதத்தை அல்ல.